மனச்சிதைவு நோயில் அறிதிறனும் பால் வேறுபாடும்: ஒரு வினாவின் வரலாறு (1896 – 2019)

ஆய்வுச்சுருக்கம்

மனச்சிதைவு நோய்க்கு ஆளான ஆண்களுக்கும் பெண்களுக்கும் நினைவு, கவனம், திட்டமிடல் முதலிய அறிதிறன்களில் வேறுபாடு உண்டா என்னும் வினாவுக்கு, 1990களில் ஒன்றோடொன்று முரண்படும் விடைகள் வெளிவந்தன. அம்முரண் நோயின் இயல்பால் மட்டும் தோன்றியதன்று. நோயாளர் என்று யார் வரையறுக்கப்பட்டனர், ஆய்வுக்குள் யார் சேர்க்கப்பட்டனர், அவர்களின் மதிப்பெண் யாருடைய சராசரியோடு ஒப்பிடப்பட்டது ஆகிய மூன்று முடிவுகளின் விளைவாகவும் அது தோன்றியது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மனச்சிதைவு நோய், அறிதிறன், பால் வேறுபாடு, சொல் நினைவு, ஈஸ்ட்ரோஜன், நியம மதிப்பு, உளமருத்துவ வரலாறு.

முன்னுரை

மனச்சிதைவு நோய் என்றவுடன் இல்லாத குரல் கேட்பதும் காரணமற்ற ஐயமும் நினைவுக்கு வருகின்றன. 'மனப்பிளவு' என்று சிலர் எழுதுவதால், ஒருவருக்குள் இருவர் வாழ்வதாகப் பொருள்கொள்வாரும் உளர், அது பிழை. நோயாளரின் அன்றாட வாழ்வைப் பெரிதும் முடக்குவது இக்குறிகளினும் அமைதியான மற்றொன்று ஆகும். சொன்னதை நினைவில் இருத்துதல், ஒன்றில் கவனம் நிலைத்தல், சூழல் மாறும்போது வழியை மாற்றிக்கொள்ளுதல் ஆகிய திறன்களின் தேய்வே அது. மைக்கேல் கிரீன் 1996இல் வெளியிட்ட திறனாய்வு, நோயாளர் சமூகத்தில் தம் காலில் நிற்பதற்கும் இத்திறன்களுக்கும், குறிப்பாகச் சொல் நினைவுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டிய பின் இப்பொருள் ஆய்வுலகின் மையத்திற்கு வந்தது.

இத்தேய்வு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவினதா? எளிய வினாவாகத் தோன்றினும் இதற்கான விடை ஆய்வுக்கு ஆய்வு மாறியே வந்துள்ளது. பெண்களின் அறிதிறன் பெரிதும் காக்கப்படுகிறது என்று ஒரு சாராரும், பெண்களே மிகுதியாக இழக்கின்றனர் என்று மற்றொரு சாராரும், வேறுபாடே இல்லை என்று பிறரும் எழுதினர். இம்மூவகை முடிவுகளையும் அட்டவணையிட்டு எண்ணிப் பெரும்பான்மை காண்பது ஒரு வழி. அவை உருவான வரலாற்றைப் பின்தொடர்வது மற்றொரு வழி. இக்கட்டுரை இரண்டாவதை மேற்கொள்கிறது.

1. எண்ணட்டைகளில் ஆணும் பெண்ணும்

எமில் கிரெப்பலின் இளமையில் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்டின் உளவியல் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர். தொடர்ந்து எண்களைக் கூட்டச் செய்து மனத்தின் உழைப்பையும் களைப்பையும் அளக்கும் சோதனைகளை அவர் வளர்த்தெடுத்தார். உளமருத்துவத்தில் அறிதிறனை அளக்கும் மரபின் முன்னோடிகளுள் ஒருவராக அவரைக் கொள்ளலாம். 1891இல் ஹைடல்பெர்க் சென்றபின் ஒவ்வொரு நோயாளருக்கும் ஓர் அட்டை எழுதி, நோயின் தொடக்கம், போக்கு, முடிவு ஆகியவற்றை அதில் குறித்துவந்தார். 1896இல் வெளிவந்த அவருடைய பாடநூலின் ஐந்தாம் பதிப்பிலும் 1899இன் ஆறாம் பதிப்பிலும் 'டிமென்ஷியா பிரேகாக்ஸ்' என்னும் நோய்ப்பிரிவு உருப்பெற்றதில் இவ்வட்டைகளுக்குப் பங்குண்டு. 'முந்திவரும் அறிவுத்தேய்வு' என்று அப்பெயரைத் தமிழில் கூறலாம். நோயின் பெயரிலேயே இரு கருதுகோள்கள் அடங்கியுள்ளன. ஒன்று, அது இளமையில் வருவது. மற்றொன்று, அது அறிவைத் தேய்ப்பது.

ஆண்கள் எண்ணிக்கையில் மிகுந்திருப்பதையும், அவர்களுக்கு நோய் இளமையிலேயே தொடங்குவதையும் கிரெப்பலின் கவனித்தே இருந்தார். ஆயினும் அவதானிப்பு என்னும் நிலையைத் தாண்டி அது அவரிடம் வினாவாக வளரவில்லை. நடுவயதில் முதன்முதலாக நோயுற்ற பெண்கள் பலர் வேறு பெயர்களுக்குள் சென்றனர். 'முந்திவரும்' என்று பெயரிட்டபின், பிந்திவந்தவர்களுக்கு அதில் இடம் குறைவதில் வியப்பில்லை. 1955இல் பிரிட்டனில் மார்ட்டின் ராத் முதுமையில் தோன்றும் ஐயநிலை உளநோயைப் 'பின்னாள் பாராஃப்ரீனியா' எனத் தனிப்பிரித்தபோது, அப்பிரிவில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களே.

அறிவுத்தேய்வைப் பெயரிலேயே வைத்த கிரெப்பலின், நினைவாற்றல் ஒப்பீட்டளவில் அதிகம் கெடுவதில்லை என்றும் கருதினார். 1908இல் பெர்லின் உரையில் 'ஸ்கிசோஃப்ரீனியா' என்னும் பெயரை முன்மொழிந்து 1911இல் அதனை நூலாக விரித்த ஓய்கன் புளூலரும் நினைவை அடிப்படையில் பழுதற்ற திறனாகவே கொண்டார். எண்ணங்களின் தொடுப்பு அறுபடுவதே அவருக்கு மூலக்கேடு. நினைவு கெடுவதில்லை என்று இருவரும் ஏற்றுக்கொண்டதால், நினைவில் பால் வேறுபாடு உண்டா என்று கேட்பதற்கு இடமே எழவில்லை. அவ்வினா எழுவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

2. வரையறை என்னும் வாயில்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இந்நோய்ப் பெயர் தாராளமாக வழங்கப்பட்டது. ஆய்வுக்கு இத்தாராளம் உதவாது என்று கருதிய செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள், ஜான் ஃபெய்னரை முதலாசிரியராகக் கொண்டு 1972இல் கறாரான அளவுகோல்களை வெளியிட்டனர். நோய்க்குறிகளும் ஆறு திங்கள் நீடிப்பும் மட்டும் போதா; ஐந்து துணைக்கூறுகளுள் மூன்று பொருந்தினாலே நோய் உறுதி எனக் கொள்ளப்படும். அவ்வைந்தாவன: மணமாகாமை, நோய்க்கு முன்பே சமூகத்திலும் பணியிலும் பொருந்தாமை, குடும்பத்தில் இந்நோய் இருத்தல், முந்தைய ஓராண்டில் மது, போதைப் பழக்கம் இன்மை, 40 வயதுக்கு முன் தொடக்கம்.

இப்பட்டியலைப் பெண்களின் பக்கமிருந்து படித்தால் வேறொன்று புலப்படுகிறது. பெண்கள் ஆண்களைவிட இளவயதில் மணம்புரிகின்றனர். நோயோ அவர்களுக்குச் சில ஆண்டுகள் பிந்தி வருகிறது. ஆகவே நோய் வரும்போது ஆண் மணமாகாதவனாகவும் பெண் மணமானவளாகவும் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. பிந்தி வருவதால், நோய்க்கு முன் கல்வியையும் உறவுகளையும் ஓரளவு அமைத்துக்கொள்ளும் கால அவகாசமும் அவளுக்குக் கிடைக்கிறது. 40 வயதுக்குப் பின் முதன்முறை நோயுறுவோரிலும் பெண்களே மிகுதி. ஐந்தில் மூன்று கூறுகள், ஒரு சொல்லிலும் பால் குறிக்காமலேயே, பெண்களை வாயிலுக்கு வெளியே நிறுத்துகின்றன. இதனை வகுத்தவர்களுக்கு அத்தகைய நோக்கம் இருந்ததாகக் கொள்ள ஆதாரமில்லை. ஒரே சீரான நோயாளர் குழுவையே அவர்கள் விரும்பினர். அந்தச் சீர்மை ஆண்களின் நோய்ப்போக்கை ஒட்டி அமைந்துவிட்டது.

1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டின் மூன்றாம் பதிப்பும் 45 வயதுக்கு முன் தொடங்க வேண்டும் என்று விதித்தது. 1987இன் திருத்தப் பதிப்பிலேதான் அவ்வரம்பு நீங்கியது. இடைப்பட்ட ஏழாண்டுகள் உளமருத்துவ ஆய்வு பெருகிய ஆண்டுகள் என்பதை மறத்தலாகாது. ரிச்சர்ட் லெவின், பர்பாக், மெல்ட்சர் மூவரும் 1984இல் ஒரே நோயாளர் தொகுதிமீது பல்வேறு அளவுகோல்களைப் பொருத்திப் பார்த்தனர். அளவுகோல் கறாராக ஆக, தகுதி பெறுவோருள் ஆண்களின் விகிதம் உயர்ந்தது. இலண்டன் கேம்பர்வெல் பகுதியின் நோயாளர் பதிவேட்டைக் கொண்டு கேசில், வெஸ்லி, மரே ஆகியோர் 1993இல் செய்த ஆய்வும் இதே திசையில் அமைந்தது. நோய் ஆண்களுக்குச் சற்று மிகுதியாகவே வருகிறது என்பது உண்மை. அலெமன் குழுவினரின் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, புதிதாக நோயுறுவோரில் பெண் ஒருவருக்கு ஆண் சுமார் 1.4 எனக் கணித்தது. ஆனால் ஆய்வுக்கூடங்களில் இருந்த விகிதத்தை இந்த 1.4 கொண்டு விளக்கிவிட இயலாது.

அதற்கு வேறு காரணங்களும் உள. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் உளநோய் ஆய்வுகள் பல முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்தன. அங்கே நோயாளர் ஏறத்தாழ அனைவரும் ஆண்களே. மாதவிடாய்ச் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்னும் எண்ணமும் இருந்தது. 1977இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கிவைக்க அறிவுறுத்தியது. தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனமுற்றுப் பிறந்த கொடுமைக்குப் பின் எழுந்த எச்சரிக்கை அது, காரணம் நியாயமானதே. அதே 1977இல் ஓட்டோ வால், மனச்சிதைவு ஆய்வுகளில் பால் சார்ந்த சாய்வு நிலவுவதை ஒரு சிறு குறிப்பில் சுட்டினார். ஆண்களை மட்டும் ஆராய்ந்துவிட்டு 'நோயாளர்' என்று பொதுப்பட எழுதும் வழக்கம் அவருடைய கவலை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1992இல், வாலும் ஹண்டரும் மீண்டும் அதே வினாவை எழுப்ப வேண்டியிருந்தது. 1993இல்தான் அமெரிக்க அரசு தன் நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்கச் சட்டமியற்றியது. உணவு மருந்து நிர்வாகமும் தன் 1977ஆம் ஆண்டு வழிகாட்டுதலை அவ்வாண்டே மாற்றிக்கொண்டது.

3. நினைவு மீண்டும் நுழைதல்

இக்காலத்திற்குள் அறிதிறனின் நிலை மாறியிருந்தது. 1976இல் ஈவ் ஜான்ஸ்டனும் டிம் குரோவும் அடங்கிய குழு, நாட்பட்ட நோயாளரின் மூளை அறைகள் விரிந்திருப்பதைக் கணினிவழிப் படத்தில் கண்டு, அவ்விரிவு அறிதிறன் குறைவோடு தொடர்புற்றிருப்பதாகவும் தெரிவித்தது. 1986இல் டேனியல் வைன்பெர்கரும் அவர் குழுவினரும் விஸ்கான்சின் சீட்டுப் பிரிப்புச் சோதனையைச் செய்விக்கும்போதே முன்மூளைக் குருதியோட்டத்தை அளந்தனர். எவ்விதியின்படி சீட்டுகளைப் பிரிக்க வேண்டும் என்பது சொல்லப்படாது. விதி இடையிலே மாறவும் செய்யும். பழைய விதியை விட்டு விலக இயலாமையே நோயாளரின் இடர்ப்பாடு. அடுத்த பத்தாண்டுகளில் இத்தகைய சோதனைகள் ஏராளமாகப் பெருகின.

ஹைன்ரிக்ஸும் சக்சானிஸும் 1998இல் 204 ஆய்வுகளைத் தொகுத்து, நோயாளருக்கும் நலமுற்றோருக்கும் இடையே மிகப் பெரிய இடைவெளி எத்திறனில் உள்ளது என்று பார்த்தனர். சொல் நினைவே முதலிடம் பெற்றது, இடைவெளி 1.41 திட்டவிலக்கம். கிரெப்பலினும் புளூலரும் பெரிதும் கெடாதது என்று ஒதுக்கிய திறன், ஒரு நூற்றாண்டுக்குப் பின் மிகக் கெட்ட திறனாக அறியப்பட்டது. உளமருத்துவ வரலாற்றில் இத்தகைய தலைகீழ் மாற்றங்கள் அரியன.

பால் வேறுபாட்டு வினாவுக்கு இதில் ஓர் இக்கட்டு உண்டு. நலமுற்றோரிடையே பெண்கள் சராசரியாகச் சிறந்து விளங்கும் திறன்களுள் ஒன்று சொல் நினைவு. ஒரு வடிவத்தை மனத்துள் சுழற்றிப் பார்க்கும் இடஞ்சார் திறனில் ஆண்களின் சராசரி உயர்ந்திருக்கிறது. அதாவது, நோய் எத்திறனை மிகக் கடுமையாகத் தாக்குகிறதோ அத்திறனிலேயே நோய்க்கு முன்பும் ஆண், பெண் இருபாலார் ஒரே நிலையில் நிற்கவில்லை. இதனைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு என்ன விளைவைத் தரும்?

விளக்கத்திற்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்கைக் காணலாம். பதினைந்து சொற்களைப் பலமுறை படித்துக்காட்டிப் பின் கேட்கும் சோதனையில் நலமுற்ற பெண்கள் சராசரியாகப் பன்னிரண்டும் நலமுற்ற ஆண்கள் பத்தும் கூறுவதாகக் கொள்வோம். நோயுற்ற பெண்களும் ஆண்களும் எட்டு எட்டுச் சொற்களே கூறுகின்றனர். நோயாளர் இருபாலாரையும் மட்டும் ஒப்பிடும் ஆய்வாளர் 'வேறுபாடு இல்லை' என்று எழுதுவார். தத்தம் பாலினத்து நலமுற்றோருடன் ஒப்பிடுபவரோ, ஆண் இரண்டும் பெண் நான்கும் இழந்தனர், பெண்ணுக்கே பாதிப்பு மிகுதி என்பார். நோயுற்ற பெண்கள் ஒன்பது சொற்கள் கூறியிருந்தால் முதலாமவர் 'பெண்கள் காக்கப்படுகின்றனர்' என்று எழுதுவார். இரண்டாமவர் முடிவு அப்போதும் மாறாது. தரவு ஒன்றே, முடிவுகள் எதிரெதிரானவை. இத்துறைக் கட்டுரைகளைப் படிக்கையில் முடிவுரைக்கு முன் ஒப்பீட்டுக் குழுவின் அட்டவணையைப் பார்க்கும் பழக்கம் இக்கட்டுரையாளருக்கு ஏற்பட்டது இதனாலேயே.

4. 1990களின் முரண்

இந்த இக்கட்டை நன்கு உணர்ந்தவர் ஜில் கோல்ட்ஸ்டீன். அவருடைய குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில் புறநோயாளர் 31 பேரும் நலமுற்றோர் 27 பேரும் இடம்பெற்றனர்; ஒவ்வொரு பாலினமும் தன் பாலினத்து நலமுற்றோருடன் பொருத்தி ஒப்பிடப்பட்டது. நோயுற்ற ஆண்கள் நலமுற்ற ஆண்களைவிட எல்லாத் திறன்களிலும் பின்தங்கினர். நோயுற்ற பெண்களைவிடக் கவனம், சொல் நினைவு, திட்டமிட்டு இயங்கும் திறன் ஆகியவற்றிலும் பின்தங்கினர். நோயுற்ற பெண்களோ நலமுற்ற பெண்களைவிடக் கவனம், திட்டமிடல், காட்சி நினைவு, இயக்கத்திறன் ஆகியவற்றில் குறைந்திருந்தனர்; சொல்சார்ந்த திறன்களில் அவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருப்பதாகக் கோல்ட்ஸ்டீன் கருதினார்.

இதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1996இல், அதே அமெரிக்க உளமருத்துவ இதழில் லெவின் குழுவினர் ஏறத்தாழ எதிரான முடிவை வெளியிட்டிருந்தனர். அவர்கள் ஆராய்ந்தவர்களுள் பெண்களே சொல் நினைவிலும் இட நினைவிலும் காட்சியைப் பகுத்தறிவதிலும் ஆண்களைவிடப் பின்தங்கினர். முதன்முறை நோயுற்றோரை ஜெர்மனியில் ஆராய்ந்த ஆல்பஸ் குழுவினர் 1997இல் பால் வேறுபாடு குறிப்பிடத்தக்கதாக இல்லை என்றனர். மூன்றாண்டுகளுக்குள் மூன்று விடைகள்.

மூன்றில் எது சரி என்று கேட்பது பயனற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. முதலாவது, 31 பேரை இரண்டாகப் பகுத்தால் ஒரு பக்கத்திற்குப் பதினைந்து பதினாறு பேரே தேறுவர். அத்தனை சிறிய குழுவில் நான்கைந்து பேரின் இயல்பே சராசரியை நகர்த்திவிடும். இரண்டாவதே முதன்மையானது: ஒரே பெயருடைய நோயில் இருந்தாலும், ஆய்வுக்கூடத்தை வந்தடையும் ஆணும் பெண்ணும் ஒரே வழியில் வந்தவர்கள் அல்லர். கறாரான அளவுகோல்களைக் கடந்து உள்ளே வந்த பெண்கள், பெண்களுக்குரிய பொதுவான நோய்ப்போக்கிலிருந்து விலகி ஆண்களின் போக்கை ஒத்தவர்கள்; அவர்களைக் கொண்டு பெண்களைப் பற்றிப் பேசுவது கடினம். புறநோயாளர் பிரிவுக்குத் தொடர்ந்து வந்துசெல்லும் நிலையிலுள்ள பெண்ணும் நெடுநாள் உள்நோயாளராக இருக்கும் பெண்ணும் ஒருவரே அல்லர். கோல்ட்ஸ்டீனின் பெண்களும் லெவினின் பெண்களும் இருவேறு வாயில்களால் வந்தவர்களாக இருக்கக்கூடும்.

லெவின் 1981இலேயே இதற்கான சட்டகத்தை முன்வைத்திருந்தார். ஒரே நோய் பெண்களுக்குப் பிந்தி வருகிறதா, அல்லது ஆண்களிடம் ஒருவகையும் பெண்களிடம் மற்றொரு வகையும் மிகுதியாக உள்ளனவா என்று அவர் கேட்டார். முதலாவது 'காலம்' பற்றிய விளக்கம். இரண்டாவது 'வகை' பற்றிய விளக்கம். அறிதிறன் ஆய்வாளர்கள் பலர் இவ்வினாவை மேற்கோள் காட்டினரே அன்றித் தம் ஆய்வுத் திட்டத்தில் அதனை ஏற்றனர் என்று கூற இயலவில்லை. நோயாளர்களை வயதால் பொருத்தினால் நோயுற்ற ஆண்டுகள் வேறுபடும். ஆண்டுகளால் பொருத்தினால் வயது வேறுபடும். இரண்டையும் ஒருசேரப் பொருத்தினால் பிந்தி நோயுற்ற பெண்கள் மீண்டும் வெளியேறிவிடுவர்.

2012இல் சீனாவிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, நாட்பட்ட நோயாளர் பெருந்தொகையினரை நலமுற்றோர் குழுவோடு ஒப்பிட்டு, ஆண்களுக்கு உடனடி நினைவிலும் பின் நினைவுகூர்தலிலும் பாதிப்பு மிகுதி என்றது. குழு பெரிதாகும்போது கோல்ட்ஸ்டீன் கூறிய திசை வலுப்பெறுவதாகக் கருத இடமுண்டு. எனினும் அங்கும் ஆராயப்பட்டவர்கள் நாட்பட்ட நோயாளர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

5. ஈஸ்ட்ரோஜன்: விளக்கமும் மருந்தும்

'காலம்' பற்றிய விளக்கத்திற்கு உடலியல் அடிப்படை தேடியவர்களுள் கனடாவின் மேரி சீமனும் ஜெர்மனியின் ஹைன்ஸ் ஹாஃப்னரும் குறிப்பிடத்தக்கவர்கள். மன்ஹைம் நகரில் 1987இல் தொடங்கிய ஹாஃப்னரின் ஆய்வு, முதன்முறை மருத்துவமனை வந்தவர்களின் நோயை அதன் முதல் அறிகுறிவரை பின்னோக்கித் தேடியது. பெண்களுக்கு நோய் மூன்று நான்கு ஆண்டுகள் பிந்தித் தொடங்குவதும், மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி அவர்களுக்கு இரண்டாவது உச்சம் ஒன்று இருப்பதும் அதில் தெளிவாயின. எலிகளில் ஈஸ்ட்ரோஜன் டோபமைன் ஏற்பிகளின் உணர்திறனைத் தணிப்பதையும் அவர் குழு காட்டியது. குடும்பத்தில் நோய் உள்ள பெண்களிடம் இக்காலத் தாமதம் பெரிதும் குறைந்துவிடுகிறது என்னும் அவருடைய கண்டுபிடிப்பு போதிய கவனம் பெறவில்லை. பாதுகாப்புக்கு வரம்பு உண்டு என்பதை அது உணர்த்துகிறது.

அறிதிறனுக்கும் இவ்விளக்கம் நீட்டிக்கப்பட்டது. 2001இல் ஆன் ஹாஃப் குழுவினர் நோயுற்ற பெண்கள் 22 பேரிடம் ஈஸ்ட்ரோஜன் அளவு உயர்ந்திருக்கும்போது அறிதிறன் மதிப்பெண்ணும் உயர்ந்திருக்கக் கண்டனர். இங்கே கவனிக்கத்தக்க ஒன்று: ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் புரோலாக்டினை உயர்த்துகின்றன, புரோலாக்டின் உயர்ந்தால் ஈஸ்ட்ரோஜன் தாழ்கிறது. குரல்களை அடக்கும் மருந்தே பெண்ணின் இயற்கைப் பாதுகாப்பைக் குறைக்கக்கூடும். மருந்து உண்டுகொண்டிருக்கும் பெண்களை ஆராய்ந்து 'பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை' என்று எழுதுமுன் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

மெல்போர்னில் ஜெயஸ்ரீ குல்கர்னி 2008இல் 102 பெண்களிடம் வழக்கமான மருந்தோடு 100 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் தோலொட்டியை 28 நாள் சேர்த்துச் சோதித்து, நோய்க்குறிகள் குறைவதாக அறிவித்தார். 2019இல் வைசர் குழுவினர் மால்டோவாவில் 200 பெண்களிடம் நடத்திய சோதனையும் பயன் காட்டியது; அப்பயன் பெரும்பாலும் 38 வயதுக்கு மேற்பட்டோரிடமே தென்பட்டது. இவ்விரு சோதனைகளும் முதன்மையாக அளந்தவை நோய்க்குறிகளே. அறிதிறனை நேரே அளந்த சோதனை சிட்னியிலிருந்து வந்தது. அங்கே வைக்கர்ட் குழுவினர் 2015இல் நாள்தோறும் 120 மில்லிகிராம் ராலாக்சிஃபீன் கொடுத்து நினைவும் கவனமும் மேம்படுவதைக் கண்டனர். அதில் ஆண்களும் இருந்தனர். 'பெண்ணின் பாதுகாப்பு' என்று தொடங்கிய கருத்து ஆண்களுக்கும் மருந்தாகக்கூடும் என்னும் நிலைக்கு வந்தது. ஆனால் 2017இல் ருமேனியாவில், மாதவிடாய் நின்ற, கடும் நோய்நிலையிலுள்ள 200 பெண்களிடம் இதே மருந்து வெற்று மருந்தைவிடக் குறைந்த பயனே அளித்தது. எந்நிலையிலுள்ள நோயாளரைச் சேர்க்கிறோம் என்பது இங்கும் விடையை மாற்றிவிடுகிறது.

6. இந்தியத் தரவுகள் எழுப்பும் ஐயம்

பெண்களுக்கு நோய் பிந்தி வருகிறது என்பது உலகப் பொதுவிதியாகப் பாடநூல்களில் ஏறியது. பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் 1998இலும் 2002இலும் அங்கு வந்த நோயாளரின் தரவுகளைப் பகுத்து, இவ்விதி இங்குப் பொருந்தவில்லை எனக் காட்டினர். இரண்டாவது ஆய்வில் வேறுபாடு எதிர்த்திசையிலேயே இருந்தது. உயிரியல் காரணமா, பெண்கள் மருத்துவமனைக்கு வரும் வழியிலுள்ள தடைகள் காரணமா என்பது திறந்த வினாவே. முந்தைய பகுதிகளில் கூறிய வாயில் இங்கே குடும்பத்தின் வடிவில் நிற்கிறது.

குடும்பம் என்னும்போது சென்னை ஆய்வைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1980களின் தொடக்கத்தில் முதன்முறை நோயுற்ற 90 பேரைக் கொண்டு தொடங்கிய மதராஸ் நெடுங்கால ஆய்வு, பின்னர் எம். சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். தாராவின் தலைமையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. பத்தாண்டு முடிவில், 76 பேரின் மணவாழ்வை ஆராய்ந்த 1997ஆம் ஆண்டுக் கட்டுரை, மணமானோர் விகிதம் 70 விழுக்காடு என உயர்ந்திருப்பதைக் காட்டியது. ஆண்களில் மணமாகாதிருந்தோர் மிகுதி. பெண்களில் மணமுறிவுக்கு ஆளானோர் மிகுதி. ஃபெய்னர் அளவுகோலின் 'மணமாகாமை' என்னும் கூறினை இச்சென்னைத் தரவின்மீது வைத்துப் பார்த்தால், அது நோயை அளக்கவில்லை, திருமண வழக்கத்தையே அளக்கிறது என்பது விளங்கும்.

அறிதிறனை அளப்பதில் இந்தியச் சூழல் இன்னொரு மாறியையும் கொண்டுவருகிறது. அவ்வாய்வு தொடங்கிய காலத்து 1981ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 56.38 விழுக்காட்டினரும் பெண்களில் 29.76 விழுக்காட்டினருமே எழுத்தறிந்தவர்கள். சொற்பட்டியலை நினைவில் நிறுத்துவதும் எண்களைப் பின்னோக்கிக் கூறுவதும் பள்ளியில் பயின்று பழகிய செயல்கள். பள்ளி செல்லாத பெண்ணின் குறைந்த மதிப்பெண்ணை நோயின் கணக்கில் எழுதிவிடுவதும், 'பெண்களுக்குச் சொல் நினைவு இயல்பாகவே மிகுதி' என்னும் மேலைநாட்டுச் சராசரியை அவள்மீது ஏற்றுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

2008இல் அமெரிக்காவில் வெளிவந்த மேட்ரிக்ஸ் அளவைத் தொகுதி ஏழு திறன்களை அளக்கிறது. அதன் நியம மதிப்புகள் அமெரிக்கச் சமூகத்தினர் 300 பேரிடமிருந்து பெறப்பட்டவை. மதிப்பெண்ணை வயதுக்கும் பாலினத்திற்கும் ஏற்பத் திருத்திக்கொள்ளும் வசதி அதில் உண்டு. திருத்தினால் நலமுற்ற ஆண்களுக்கும் பெண்களுக்கும் சராசரி 50 என ஒன்றாகிவிடும். திருத்தாவிட்டால், நன்கு பேசியும் நினைவில் இருத்தியும் வாழ்ந்த ஒரு பெண் தன் திறனில் பெரும்பகுதியை இழந்தபின்னும் பொதுச் சராசரிக்கு அருகிலேயே நிற்கக்கூடும். அறிதிறன் மீட்புப் பயிற்சிக்கு மதிப்பெண் வரம்பு வைக்கும் இடத்தில் அவள் 'குறையற்றவள்' ஆகிவிடுவாள். பெங்களூரு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நரம்பியல் உளவியல் அளவைத் தொகுதி இவ்வகையில் ஒரு படி முன்னே சென்றது. நலமுற்ற 540 பேரிடம் பெற்ற மதிப்புகளை அது வயது, பாலினம் ஆகியவற்றோடு கல்வியாலும் பிரித்துத் தருகிறது. எழுத்தறியாதோருக்கென்று அதில் தனி அட்டவணை உண்டு. ஓர் ஆய்வேட்டில் நோயுற்ற ஆண், பெண் மதிப்பெண்கள் தரப்படும்போது, அவை எந்த அட்டவணையிலிருந்து, எந்தக் கட்டத்தைக் கொண்டு கணிக்கப்பட்டன என்பதையும் அதே பக்கத்தில் குறிப்பது இன்று தமிழ்நாட்டில் இப்பொருளை ஆராய்வோருக்கு இயலக்கூடியதே.